சோதனையில் இருக்கும் மணிக்கூடு

புத்தளம் மாவட்டத்திலே கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் ஆலங்குடா என்னும் ஊர் அமைந்துள்ளது. மேற்கே கடல், கிழக்கே சிறிது தொலைவிற் களப்பு, இடையே தென்னந்தோப்புகளும் மரக்கறித் தோட்டங்களும் மணலும். தெற்கே நோக்கினால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கி தெரியும். மே மாதத்திற் சோளகம் எழுந்துவிட்டாற் பின்னர் பல மாதங்களுக்கு மணல் பறந்த வண்ணமே இருக்கும். உப்பீரமும் நுண்மணலும் மணிக்கூட்டுக்கு இரு பெரும் பகைகள். அவ்விரண்டும் ஓயாது வீசும் ஊரிலே, எழுபது வயதைக் கடந்த ஒருவர் கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மணிக்கூடு திருத்தி வருகின்றார்.

ஊரார் அவரை 'மணிக்கூட்டு நானா' என்பர். அவர் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவிற் பிறந்தவர். இன்று அவருக்கெனத் தனியே கடை இல்லை. கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவரின் கடையிலே, வெளிச்சம் விழும் யன்னல் ஓரமாக, அவரது சிறிய மேசை கிடக்கின்றது. இளைஞர் ஆலங்குடாவிலேயே பிறந்தவர். அவருடைய பெற்றோர் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள். இருவருக்கும் உறவு எதுவுமில்லை. எனினும் இளைஞர் அவரை 'மாமா' என்றே அழைப்பார். மேசைக்கு வாடகை வாங்குவதுமில்லை. முதியவரைத் தேடி வரும் வேலைகளிற் பெரும்பாலானவை மின்கலம் மாற்றுதலும் பட்டி மாற்றுதலுமே. முன்னொரு காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீக்கோ ஐந்து ஒன்று வந்து சேர்ந்தால் அன்றைய பொழுது அவருக்குப் பெருநாள் போன்றது. அதன் முதுகைத் திறந்து, ஓடும் பொறியை இளைஞருக்கும் காட்டிய பின்னரே வேலையைத் தொடங்குவார்.

வேலையற்றிருந்த ஒரு மாலைப் பொழுதில் இளைஞர் தம் தொலைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டு முதியவரின் மேசைமீது வைத்தார். அயர்லாந்துக் கடலிலுள்ள மான் தீவில் ஒரு பட்டறை. அங்கே றோஜர் சிமித் என்பவர் மணிக்கூடு செய்கின்றார். திருத்துகிறார் அல்லர்; செய்கின்றார். சில்லு, அச்சு, முள், முகம், கூடு என ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் அப்பட்டறையிலேயே உருவாகின்றன. ஆங்கிலத்திற் சொல்லப்பட்டதை இளைஞர் இடையிடையே நிறுத்தித் தமிழிற் சொன்னார். அக்கதை ஈண்டுச் சற்று விரிவாகக் கூறத் தக்கது.

1970 இற் பிறந்த சிமித், மான்செஸ்டரில் மணிக்கூட்டுத் தொழில் பயின்றவர். ஜோர்ஜ் டானியல்ஸ் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் முழுவதும் தம் கையாலேயே சட்டைப்பைக் கடிகாரங்களைச் செய்து வந்தார். அவர் செய்முறையை விளக்கி 1981 இல் எழுதிய பெருநூலைத் துணையாகக் கொண்டு, இளைஞரான சிமித் தனியே ஒரு கடிகாரத்தை உருவாக்கத் தலைப்பட்டார். ஒன்றரை ஆண்டு உழைத்து முடித்து, அதனை எடுத்துக்கொண்டு மான் தீவுக்குச் சென்று டானியல்ஸிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது கையாற் செய்தது போலத் தோன்றுகிறது என்றார். கையாற் செய்தது என்பது புகழுரை என எண்ணுவோர் தொழிலறியாதார். கை பட்ட தடம் தெரியலாகாது. கடிகாரம் தானே தோன்றியது போல் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. மீண்டும் தொடங்குமாறு கூறி அனுப்பிவிட்டார். சிமித் திரும்பிச் சென்று இரண்டாவது கடிகாரத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் உறுப்பும் முடியுந்தோறும் முந்திய உறுப்பு தரங்குறைந்ததாகத் தோன்றிற்று. எனவே செய்தவற்றையே மீளச் செய்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1997 இல் அதனைக் கொண்டுபோய்க் காட்டியபோது டானியல்ஸ் ஒவ்வோர் உறுப்பாகச் சுட்டி, இதை யார் செய்தது, அதை யார் செய்தது என்று வினவினாராம். எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே. அதன் பின்னரே அவர் சிமித்தை மணிக்கூடு செய்பவர் என ஏற்றுக்கொண்டார்.

முதல் மணிக்கூடு திருப்பியனுப்பப்பட்ட இடத்தில் முதியவர் படத்தை நிறுத்தச் சொன்னார். அப்பகுதியை மறுபடியும் கேட்டார். "முகத்துக்கு நேரை சொல்லியிருக்கிறார். நல்ல வாத்தியார்" என்று மட்டும் கூறிவிட்டு, சாமணத்தைத் துடைத்து வைத்தார்.

இவ்வாறு எந்த நிறுவனத்தையும் சாராது தம் பெயரிலேயே மணிக்கூடு செய்வோர் உலகெங்கும் மிகச் சிலரே. அவர்கள் ஒன்றுகூடிய காலத்தை நோக்கின் அஃது ஒரு வீழ்ச்சியின் காலமாக இருந்தமை புலனாகும். 1969 டிசம்பரில் யப்பானின் சீக்கோ நிறுவனம் பளிங்குக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தின் வலுவால் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிரும் சிறு பளிங்குத் துண்டு ஒன்றின்முன், நொடிக்கு ஐந்தோ ஆறோ தடவை துடிக்கும் பொறிக் கடிகாரம் துல்லியத்தில் நிற்க இயலவில்லை. 1970 அளவிற் சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 90,000 பேர் இத்தொழிலில் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் அத்தொகை மூன்றிலொரு பங்களவாகக் குறைந்துவிட்டது. அக்காலத்திலே, 1985 இல், டென்மார்க்கிலிருந்து சென்ற சுவென்ட் அண்டர்சன் என்பவரும் இத்தாலியரான வின்சென்ற் கலபிரேசே என்பவரும் சேர்ந்து சுதந்திர மணிக்கூட்டுக் கலைஞர்களுக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். பேசெல் நகரக் கண்காட்சியிலே பெரும் நிறுவனங்களின் மாளிகை போன்ற கூடங்களுக்கிடையில் அவர்கள் தத்தம் சிறு பெட்டிகளில் ஒன்றோ இரண்டோ கடிகாரங்களை வைத்துக்கொண்டு தாமே நின்று விளக்கினர். காட்டப்பட்டவற்றுட் பல விற்பனைக்கான பொருள்கள் அல்ல; முன்மாதிரிகள். ஒரு கருத்து உலோகத்தில் நிற்குமா எனப் பார்ப்பதற்காக ஒரே ஒரு தடவை செய்யப்பட்டவை.

இச்சங்கத்தினருள் முதியவரை மிகவும் கவர்ந்தவர் யப்பானியரான மசாகிறோ கிக்குனோ. அந்நாட்டுத் தற்காப்புப் படையிற் பணியாற்றிவிட்டு இத்தொழிலுக்கு வந்த இவர், 2011 இல் ஒரு விந்தையான கைக்கடிகாரத்தை உருவாக்கினார். மேனாட்டு நேரமுறையை 1873 இல் ஏற்றுக்கொள்ளும் வரையில் யப்பானியர் பகலை ஆறு கூறாகவும் இரவை ஆறு கூறாகவும் பகுத்திருந்தனர். கோடையிற் பகற்கூறு நீளும், மாரியிற் குறுகும். தனக்கா கிசாசிகே என்னும் கைவினைஞர் இம்முறையைக் காட்டும் பெரிய மணிக்கூடு ஒன்றை 1851 இற் செய்திருந்தார். அதனை முன்னோடியாகக் கொண்டு, முகத்திலுள்ள மணிக்குறிகள் பருவத்துக்கேற்பத் தாமே நகரும்படி கிக்குனோ ஒரு கைக்கடிகாரத்துள் அமைத்துவிட்டார்.

முதியவர் இதனை வியந்ததற்குக் காரணம் உண்டு. பள்ளிவாசலின் சுவர் மணிக்கூட்டைக் கவனிப்பவர் அவரே. தொழுகை நேரங்கள் கதிரவனைப் பின்தொடர்வன. ஆலங்குடா அமைந்துள்ள நெடுங்கோட்டிற் கதிரவன் உச்சிக்கு வருவது, இலங்கை நேரத்துக்கு அடிப்படையான 82½ பாகைக் கோட்டில் உச்சிக்கு வந்து ஏறத்தாழப் பதினொரு நிமிடம் கழித்தே. பகலின் நீளமோ ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவே மாறுபடும், ஆயினும் மாறுபடும். அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து ஐந்து சிறு முகங்களின் முட்களைக் கையால் நகர்த்தி வைக்கும் பலகை பள்ளிவாசலில் தொங்குகின்றது. முட்களைத் தானே நகர்த்தும் பொறி ஒன்று செய்ய முடியாதா என்று அவர் நெடுங்காலமாக எண்ணியிருந்தார். எங்கோ ஒருவர் அதை ஒத்ததைச் செய்து மணிக்கட்டிலே கட்டியிருக்கிறார் எனக் கண்டபோது அவருக்குப் பொறாமை தோன்றவில்லை. செய்யலாம் என்ற தம் எண்ணம் பிழையன்று என அறிந்த நிறைவே தோன்றியது.

இளைஞருக்கோ ஓர் ஆட்சேபம். ஒருவர் தனியே வருடக் கணக்காக உழைத்துச் செய்யும் கடிகாரம் கோடி ரூபாய் விலை போகின்றதே, அதனால் யாருக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. ஓசூர்த் தொழிற்சாலையை அவர் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984 இல் நிறுவிய டைட்டன் நிறுவனம், 1.15 மில்லிமீற்றர் மட்டுமே தடிப்புள்ள பளிங்குப் பொறியை உருவாக்கி, முழுத் தடிப்பும் 3.5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கைக்கடிகாரத்தை 2002 இற் சந்தைக்கு விட்டது. அதனைச் சம்பளக்காரர் ஒருவரும் சேமித்து வாங்கலாம். இக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. தனிக் கலைஞரின் கைவண்ணத்தைப் போற்றுவோர் பலர் உண்மையிற் போற்றுவது அதன் விலையையே. ஆயினும் முதியவர் கேள்வியை வேறிடத்துக்குக் கொண்டுசென்றார். ஓசூர்க் கடிகாரத்திற் பிழை வந்தால் யாரிடம் கேட்பது? நிறுவனத்திடம். மான் தீவுக் கடிகாரத்திற் பிழை வந்தால்? அந்த மனிதரிடம். இரண்டாவது விடையே அவருக்குப் பிடித்திருந்தது.

டானியல்ஸின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வறிய குடும்பத்திற் பிறந்து, சிறு வயதில் மெத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்து, படைச் சேவை முடித்து 1947 இல் மணிக்கூடு திருத்துபவராகத் தொழிலைத் தொடங்கியவர் அவர். பிறர் செய்தவற்றைத் திறந்து மூடிய பழக்கமே, எல்லா மணிக்கூடுகளுக்கும் பொதுவான நோய் எது என்பதை அவருக்கு உணர்த்தியது. அந்நோய் எண்ணெய். மெயின் ஸ்பிரிங் தரும் விசையைத் துளித்துளியாகச் சமநிலைச் சில்லுக்கு விடுவிக்கும் பொறியில், பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் அமைப்பின்படி, உருக்குப் பல்லும் மாணிக்கக் கல்லும் ஒன்றின்மீதொன்று வழுக்கிச் செல்லும். வழுக்குமிடத்துக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் காலப்போக்கில் இறுகும். இறுகினால் நேரம் தவறும். வழுக்காமல் தள்ளும் வகையிற் பற்சில்லுகளை ஒரே அச்சில் அமைத்து டானியல்ஸ் 1970களில் ஒரு புதிய பொறியைக் கண்டார். கடையில் விற்கும் ஒமேகாக் கைக்கடிகாரத்தில் இருந்ததை அகற்றிவிட்டுத் தம் பொறியைப் பொருத்தினார். அந்த முன்மாதிரியை எடுத்துக்கொண்டு சுவிற்சர்லாந்து நிறுவனங்களின் வாயில்களுக்குச் சென்றார். பல ஆண்டுகள் எவரும் ஏற்கவில்லை. ஒமேகா நிறுவனம் அதனைத் தன் உற்பத்தியிற் சேர்த்து வெளியிட்ட ஆண்டு 1999. டானியல்ஸுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது.

ஆலங்குடாவில் எண்ணெய் பற்றிப் பேசுவோர் வேறெவரும் இலர். முதியவர் இதனைக் கேட்டபோது தம் மேசையிலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். இவ்வூர் வெப்பத்தில் அது மேனாட்டிலும் விரைவாகக் கெடும். மணல் புகுந்தால் எண்ணெயே அரமாகிவிடும்.

முன்மாதிரி என்றால் அதற்கெல்லாம் மூலமாகச் சொல்லத்தக்கது ஜோன் ஹரிசனின் கதை. நடுக்கடலிற் கப்பலின் நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் அறியும் வழி காண்போர்க்கு 20,000 பவுண் என பிரித்தானிய நாடாளுமன்றம் 1714 இற் சட்டம் இயற்றியது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். ஆகவே பல வாரப் பயணத்தின் முடிவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தவறாத மணிக்கூடு வேண்டும். தச்சுத் தொழிலாளியான ஹரிசன் 1735 இல் முதற் பொறியை முடித்தார். எடை ஏறத்தாழ 34 கிலோகிராம். இரண்டாவதைச் சில ஆண்டுகளில் முடித்தார். மூன்றாவதில் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அது நினைத்தவாறு ஓடவில்லை. இடையிலே, 1753 இல், தம் சொந்தப் பாவனைக்கெனத் தம் கருத்துப்படி வேறொருவர் செய்து தந்த சட்டைப்பைக் கடிகாரம் அந்தப் பெரும் பொறிகளிலும் ஒழுங்காக ஓடுவதைக் கண்டார். பாதி வாழ்நாளை விழுங்கிய பாதையை விட்டு, சிறிய கடிகாரத்தின் பாதைக்கு மாறினார். 1759 இல் முடிந்த நான்காவது மணிக்கூடு 13 சென்ரிமீற்றர் விட்டமுடையது. 1761 இறுதியில் யமெய்க்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் ஏறிய அது, 81 நாளிற் பின்தங்கியது ஐந்து நொடியே. எனினும் பரிசுச் சபை உடனே மனமொப்பவில்லை. முழுமையான நீதி கிடைக்க அவர் மன்னர் வரை முறையிட நேர்ந்தது.

கிறினிச் அருங்காட்சியகத்திலே இந்நான்கும் வைக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் ஓடுகின்றன. வெற்றி பெற்ற நான்காவது, எண்ணெயும் தேய்மானமும் கருதி, ஓடாமல் நிறுத்தப்பட்டுள்ளது. முதல் மூன்றும் ஓடுவதற்கும் காரணம் ஒரு திருத்துபவரே. பாழடைந்து கிடந்த அவற்றை றூபேட் கூல்ட் என்னும் கடற்படை அலுவலர் 1920 முதல் பல ஆண்டுகள் தாமே துப்புரவாக்கி ஓடவைத்தார். அவர் முறையாகத் தொழில் பயின்றவர் அல்லர்.

"வென்ற மணிக்கூட்டை நிப்பாட்டிப்போட்டு, சோதனைக்குச் செய்ததை ஓட விட்டிருக்கினம்" என்று முதியவர் சிரித்தார்.

அப்போதுதான் இளைஞர், நெடுநாளாகக் கேட்க எண்ணியதைக் கேட்டார். "மாமா, நீங்க ஒரு மணிக்கூடாவது செஞ்சிருக்கிறீங்களா?"

முதியவர் உடனே விடை கூறவில்லை. மேசையின் கீழறையைத் திறந்து, துணியிற் சுற்றிய பொருளொன்றை எடுத்தார். பதினேழு கல் பதித்த, கையாற் சாவி கொடுக்கும் பழைய றோமர் கைக்கடிகாரம். அது ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கூடு தாம் செய்ததன்று. அதனுள்ளே ஓர் உறுப்பு மட்டுமே தாம் செய்தது என்றார்.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உதிரிப் பாகங்கள் வருவது நின்றுவிட்டது. அந்நாட்களில் ஓர் ஆசிரியர் இந்த றோமரைக் கொண்டுவந்தார். திருமணத்தின்போது மாமனார் அணிவித்தது. கிணற்றுக்கட்டில் விழுந்து சமநிலைச் சில்லின் அச்சு முறிந்திருந்தது. அந்த அச்சின் முனைகள் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே பருமனுள்ளவை. வழக்கமாயின் புதிய அச்சைப் பொதியிலிருந்து எடுத்து மாற்றிவிடுவார். பொதி வெறுமையாக இருந்தது. எனவே சாக்குத் தைக்கும் ஊசி ஒன்றைச் சுட்டுப் பதம் இறக்கி, கையாற் சுழற்றும் சிறு கடைசல் பொறியிற் பூட்டிச் செதுக்கினார். முதல் அச்சு முறிந்தது. இரண்டாவது மையம் பிசகியது. மூன்றாவதை நீல நிறம் வருமளவும் பதமேற்றி, முனையை மெருகிட்டுச் சில்லிற் பொருத்தியபோது சில்லு துடித்தது. தொழில் தொடங்கி இருபதாண்டு கழித்து, வாங்கிய உறுப்பன்றித் தாம் செய்த உறுப்பால் ஒரு மணிக்கூடு ஓடுவதை அன்றே முதன்முறை கண்டார்.

திருத்திய மணிக்கூட்டைச் சில நாள் தம் கையிலே கட்டிப் பார்த்த பின்னரே கொடுப்பது அவர் வழக்கம். படுக்கையில் ஒரு விதமாகவும் நிற்கையில் ஒரு விதமாகவும் நேரம் தவறுமாகையால் மேசையில் வைத்துச் சோதிப்பது போதாது. இவ்வாறு அந்த றோமர் அவர் கையில் இருந்த நாட்களில் ஒன்றே 1990 ஒக்ரோபர் 30. அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகளாற் கட்டளையிடப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணத்திலிருந்து இவ்வாறு அகற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000. நகையும் பணமும் வழியிற் பறிக்கப்பட்டமை பின்னர் வந்த பல அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. முதியவரின் மனைவி றோமரைக் குழந்தையின் துணிப்பொதியுள் வைத்துச் சுற்றினார். கண்வில்லை சட்டைப்பையில் இருந்தது. கடை மேசையின் அறையிலே பதினொரு வாடிக்கையாளரின் மணிக்கூடுகளும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும் கிடந்தன. அவற்றை எடுக்கச் சந்தைப்பக்கம் போக எவரும் விடவில்லை.

தம் வீடு போனதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. பேசுவது அந்தப் பதினொன்றையும் பற்றியே. அமானிதம் என்பது அவர் சொல். நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள் என்பது கருத்து. கிடுகுக் கொட்டிலில் ஆலங்குடாவின் முதற் சில இரவுகளைக் கழித்தபோது, சீமெந்துப் பையின் தாளைக் கிழித்து அதிலே பதினொரு பெயரையும் மணிக்கூட்டின் வகையையும் வாங்கிய முற்பணத்தையும் நினைவிலிருந்து எழுதி வைத்தார். தாள் இன்னும் உண்டு. 2002 ஏப்ரிலில் ஏ ஒன்பது நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் அத்தாளுடன் யாழ்ப்பாணம் சென்றார். கடைக்குக் கூரை இல்லை; மேசையும் இல்லை. பெயர்களைத் தேடி அலைந்ததில் நால்வரைக் கண்டார். மூவர் மணிக்கூட்டின் பேச்சையே எடுக்க வேண்டாம் எனக் கூறித் தேநீர் கொடுத்தனர். ஒரு மூதாட்டி மட்டும், தம் கணவரின் மணிக்கூட்டைப் பத்திரமாக வைத்திருப்பார் என எண்ணியிருந்ததாகக் கூறி அழுதார். அவருக்கு அடுத்த பயணத்தில் ஒரு சீக்கோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது ஈடாகாது என்பதை இருவரும் அறிவர்.

றோமரின் சொந்தக்காரரான ஆசிரியரின் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. 1995 இலே, அதே ஒக்ரோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது ஆசிரியர் குடும்பமும் புறப்பட்டு, பின்னர் வன்னிக்குச் சென்றுவிட்டதாக அயலவர் கூறினர். அதற்குமேல் எவரும் அறியார்.

இங்கே மணிக்கூட்டின் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996 மே மாதத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்குடன் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணி முன்னகர்த்தியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்னகர்த்தியது. புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஆலங்குடாவில் முதியவர் பள்ளிவாசல் மணிக்கூட்டையும் ஊரார் மணிக்கூடுகளையும் மாற்றினார். றோமரை மாற்றவில்லை. சோதனையில் இருக்கும் மணிக்கூட்டின் முள்ளைத் தொட்டாற் கணக்குக் குழம்பிவிடும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். ஆசிரியர் வன்னியில் இருக்கிறார் என 2002 இற் கேள்வியுற்றபோது, சொந்தக்காரரும் மணிக்கூடும் அதுகாறும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. 2006 ஏப்ரிலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பிற்று. றோமரின் முள்ளைத் தொட வேண்டியிருக்கவில்லை.

2009 இல் வன்னியில் நடந்து முடிந்ததைப் பற்றி முதியவர் எதுவும் கூறுவதில்லை. அந்த ஆண்டில் எண்ணெய் மாற்றுவதற்காக றோமரைத் திறந்தபோது தாம் செதுக்கிய அச்சின் முனை தேயாமல் இருந்தது என்று மட்டும் கூறுவார்.

இளைஞர் கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்மூடியில் இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. படம் பிடித்து அனுப்பினால் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள யாழ்ப்பாணத்தார் ஒரு வாரத்திற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். முதியவர் தயங்கினார். நிமிர்த்தி வைத்தால் நாளுக்கு இருபது நொடி முந்துகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். இருபது நொடி முந்தாத பழைய றோமர் எங்கே இருக்கிறது, மாமா, என்றார் இளைஞர். முப்பது ஆண்டுக்கு மேலாகக் கூறிவந்த சாட்டு அது என்பது முதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விடை வருமோ என்பதைவிட, எத்தகைய விடை வருமோ என்பதே அவர் அச்சம்.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. முதியவர் எழுந்து தொப்பியை எடுத்து அணிந்தார். வாசல் வரை சென்று திரும்பி, முகப்பை மட்டும் படம் பிடிக்குமாறு கூறினார், பின்மூடியைக் காட்டலாகாது. பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது எனக் கூறுபவரே உரியவர். பற்றுச்சீட்டு இருக்குமாயின் இன்னும் நல்லது. கூலி எண்பத்தைந்து ரூபாய். முற்பணமாக வாங்கியது ஐம்பது.

மிகுதி முப்பத்தைந்தையும் கேட்பதா என்று இளைஞர் வினவினார்.

கேட்கத்தான் வேண்டும் என்றார் முதியவர்.